காய்ச்சலுக்குப் பின் ஏற்றம்: சைக்கிள் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி இருந்தன. மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று, நடுவில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது, இனி என்ன செய்வது? சமதளத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றை ஏமாற்றலாம். ஏற்றத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

கேள்வி: 6 நாள் வைரஸ் காய்ச்சல். விட்டு 4 நாள் ஆகிறது. நேற்று சும்மா அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். வழக்கமாக 125-இல் நிற்கும் இதயத்துடிப்பு 145-க்குப் போய்விட்டது. இன்னும் 8 வாரத்தில் 12 கி.மீ. நீளம், சராசரி 7 சதவீதம் ஏற்றம் உள்ள பந்தயம். பயிற்சியை எப்போது, எப்படித் தொடங்குவது?

முதலில் நாள் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். பாரசிட்டமால் போடாமலேயே உடல் வெப்பம் இயல்பாக இருந்த நாள்தான் முதல் நாள். மாத்திரையின் தயவில் காய்ச்சல் அடங்கிய நாள்கள் கணக்கில் சேராது.

துடிப்பு 20 கூடியதற்குப் பெரும்பாலும் காரணம் எளிதானது. படுத்துக் கிடந்த நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேலைக்கு அது அதிகமுறை துடிக்கிறது. சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றும் சீரானால் ஒன்றிரண்டு வாரத்தில் இது பழைய நிலைக்கு வரும்.

ஆனால் இதே அறிகுறி இதயத் தசை அழற்சியிலும் வரும். வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் தாக்குகிறது. அந்த நிலையில் கடுமையாக உழைத்தால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சுவலி அல்லது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது, கால் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சைக்கிளைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். இ.சி.ஜி., ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்கோ ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வார். அழற்சி உறுதியானால் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை போட்டி கிடையாது. அதில் பேரம் பேசாதீர்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், முதல் வாரம் நடைதான். தினம் 20–30 நிமிடம். தினமும் காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், முழுதாக 60 விநாடி நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். உங்கள் இயல்பு 54 என்றால், 60-ஐத் தாண்டும் நாள் ஓய்வு நாள். இரண்டாம் வாரம் சமதளத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30–40 நிமிடம், உச்சத் துடிப்பில் 70 சதவீதத்துக்குள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. மூன்றாம் வாரம் அதே மென்மையில் 60–90 நிமிடம். சிறு மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்காமல், உட்கார்ந்தபடியே லேசான கியரில் ஏறுங்கள்.

நேரத்தையும் கடுமையையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. முதலில் நேரம், அது பழகிய பிறகு கடுமை. பலரும் தடுக்கி விழுவது இந்த மூன்றாம் வாரத்தில்தான். கால் லேசாக இருக்கும், நண்பர்கள் கூப்பிடுவார்கள், குழுவோடு போய் 3 மணி நேரம் ஓட்டிவிட்டு வருவீர்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ கைகால் ஓய்ந்துபோகும், தலை கனக்கும், தூங்கி எழுந்தாலும் தெளியாது. ஒருமுறை அப்படியானால் ஒரு படி கீழே இறங்கி அங்கேயே ஒரு வாரம் இருங்கள். லேசாக ஓட்டினாலே திரும்பத் திரும்ப அப்படி ஆகிறதென்றால் இன்னும் ஓட்டிப் பழக்கிச் சரிசெய்ய முடியாது. மருத்துவரைப் பாருங்கள்.

நான்காம் வாரம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் 10 நிமிடத் தவணை இரண்டு, கொஞ்சம் திணறிப் பேசும் அளவில். அந்த வார இறுதியில் 20 நிமிடம் முடிந்தவரை அழுத்தி ஓட்டும் சோதனை செய்து, பவர் மீட்டரில் வந்த சராசரி வாட்டை 0.95-ஆல் பெருக்கிப் புது எஃப்.டி.பி.-யை (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) எடுங்கள். இந்தப் புது எண் இல்லாமல் மேற்கொண்டு போவது வீண். பழைய எஃப்.டி.பி. 240 என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம் 216 வாட், முன்பு இதமான அழுத்தம். இப்போது உங்கள் எஃப்.டி.பி.-யே 215 ஆக இறங்கியிருந்தால், அதே 216 உங்கள் உச்சவரம்பு. பழைய அட்டவணையைப் பார்த்து ஓட்டுகிறவர் வாரம் இரண்டு முறை பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறார், அது அவருக்குத் தெரியாது.

ஐந்தாம் வாரம் 5–7 சதவீத ஏற்றத்தில் புது எஃப்.டி.பி.-யின் 88–92 சதவீதத்தில் 10 நிமிடம் மூன்று முறை. ஆறாம் வாரம் 20 நிமிடம் இரண்டு முறை. ஏழாம் வாரம் 40 நிமிடம் இடைவிடாத ஏற்றம் ஒரே ஒரு நாள். எட்டாம் வாரம் மொத்த நேரத்தைப் பாதியாகக் குறைத்து, ஒன்றிரண்டு நாள் 3 நிமிட அழுத்தங்கள் மட்டும். நடுவில் ஒரு வாரம் பின்னுக்குப் போக நேர்ந்தால், ஏழாம் வாரத்தை விட்டுவிடுங்கள். விட்ட வாரத்தைப் பிடிக்க இரண்டு வாரப் பயிற்சியை ஒன்றில் திணிக்காதீர்கள்.

கேள்வி: நான் பெண், வயது 34. ஏற்றத்தில் மட்டும் கால் செத்துப்போகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் 9. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பந்தயத்துக்கு 10 வாரம் இருக்கிறது. தேறிவிடுவேனா?

ஏற்றத்தில் மட்டும் தெரிவதற்குக் காரணம் உண்டு. சமதளத்தில் நீங்கள் உங்கள் திறனில் பாதியைச் செலவழிக்கிறீர்கள். நீண்ட ஏற்றத்தில் முக்கால் பங்குக்கு மேல், இடைவிடாமல். அங்கே தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோகும் ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே உறைக்கும். பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்த சோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் உடலின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. உங்களுக்கு இரண்டுமே குறைவு.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும். அதனால் காலையும் மாலையும் போட்டால் இரண்டாவது மாத்திரையின் பெரும்பகுதி வயிற்றைக் கலக்குவதோடு சரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே வேளையாக எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு சேர்கிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. இந்த முறை உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பின் 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் தானாகவே ஏறும். ஆகவே காலையில் ஓட்டுவதற்கு முன், அல்லது ஓட்டி முடித்த அரை மணிக்குள் போட்டுவிடுங்கள். மதியம் வரை தள்ளாதீர்கள்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் இரும்பு மட்டும் 65 மி.கி.தான். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலம் குறைக்கும் மருந்து எல்லாவற்றையும் 2 மணி நேரம் தள்ளி வையுங்கள். வைட்டமின் சி கூட இருந்தால் நல்லது. மலம் கருமையாவது இயல்பு. தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது ரத்தம், உடனே காட்ட வேண்டும். மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் அளவைக் குறைக்கவோ வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றவோ கேளுங்கள்.

சாதாரணமாக 2–3 வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும், 6–8 வாரத்தில் மறுபரிசோதனை செய்யலாம். அது இயல்புக்கு வந்ததும் மாத்திரையை விட்டுவிடுவதுதான் அடுத்த சறுக்கல். கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் தொடர வேண்டியிருக்கும். பரிசோதனைக்கு ஒரு எச்சரிக்கை: உடம்பில் எங்காவது தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாவது கழித்து, கடும் பயிற்சிக்கு மறுநாளாக இல்லாத ஒரு காலையில் ரத்தம் கொடுங்கள். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் பார்த்தால் குழப்பம் தீரும்.

10 வாரத்தில் பந்தயத்தை முடிக்கிற நிலைக்கு வரலாம், உங்கள் சிறந்த நேரத்துக்கு வருவது கடினம். முதல் 4 வாரம் 60–90 நிமிட மென்மையான ஓட்டம் மட்டும். மூச்சைப் பிடுங்கும் 3–5 நிமிட இடைவெளிப் பயிற்சிகள் இப்போது வேண்டாம். ஆக்சிஜனைக் குறைவாகச் சுமக்கும் ரத்தத்தை விரட்டுவதால் தசைக்கு எந்தப் பாடமும் கிடைப்பதில்லை, சோர்வு மட்டும் சேரும். பதிலாக லேசான கியரில் நிமிடத்துக்கு 85–95 சுற்று மிதிக்கும் பழக்கத்தையும், இடுப்பு, வயிற்றுத் தசைப் பயிற்சியையும் சேருங்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியதும் முதல் கேள்வியில் சொன்ன ஐந்தாம் வாரப் பயிற்சிக்கு வரலாம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நரம்பு வழி இரும்பு ஏற்றச் சொன்னால், போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை உண்டா என்று பாருங்கள். இரும்புக்குத் தடை இல்லை. ஆனால் 12 மணி நேரத்தில் 100 மி.லி.-க்கு மேல் டிரிப் ஏற்றுவதற்கு, மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறியும் பரிசோதனை தவிர மற்ற நேரங்களில் தடை உண்டு. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஃபெரிட்டின் இப்படி இறங்கினால் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஆண்களில் இதற்கு அடிக்கடி காரணம் குடலில் கசியும் ரத்தம். மாத்திரை போட்டால் எண் ஏறும், காரணம் மறைந்துபோகும்.

கேள்வி: எனக்கு 70 கிலோ. உடம்பு சரியில்லாமல் 25 வாட் போய்விட்டது. எடையை 2 கிலோ குறைத்தால் அதை ஈடுகட்ட முடியாதா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் 70 கிலோ, சைக்கிள், உடை, பாட்டில் 10 கிலோ, மொத்தம் 80. 7 சதவீத ஏற்றம், 12 கி.மீ. 225 வாட் கொடுத்தால் வேகம் மணிக்கு 12.8 கி.மீ. அளவில் இருக்கும், 56 நிமிடத்தில் மேலே போவீர்கள். 200 வாட் என்றால் 11.4 கி.மீ., 63 நிமிடம். இழப்பு 7 நிமிடம். இப்போது 200 வாட்டிலேயே 2 கிலோ குறைத்தால் கிடைப்பது சுமார் ஒன்றரை நிமிடம்.

அந்த ஒன்றரை நிமிடத்துக்காக நோயிலிருந்து மீளும் உடலைப் பட்டினி போட்டால், தசை கரையும், இரும்பு குறையும், தூக்கம் கெடும், அடுத்த சளி சீக்கிரம் வரும். 25 வாட்டில் பாதி திரும்பினாலே அதைவிட இரண்டு மடங்கு லாபம். நன்றாகச் சாப்பிடுங்கள். 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, 500–750 மி.லி. தண்ணீர். எடையைப் பற்றிப் பந்தயம் முடிந்து யோசிக்கலாம். எடை குறைத்தே ஆக வேண்டுமென்றால், மேலே போகும்போது இரண்டாவது பாட்டில் அவசியமா என்று பாருங்கள். 750 மி.லி. நிறைந்த பாட்டில் முக்கால் கிலோவுக்கு மேல்.

கேள்வி: சளி பிடித்தால் ஆஸ்துமா கிளம்பும். மேலே குளிர்ந்த காற்றில் மூச்சு இழுக்கிறது. இன்ஹேலர் போட்டால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவேனா?

சால்ப்யூட்டமால் இன்ஹேலருக்கு அனுமதி உண்டு, அளவோடு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் வரம்பு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு அழுத்துக்குப் பெரும்பாலும் 100 மைக்ரோகிராம். ஆக 2 அழுத்து போட்டுவிட்டுப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. மாட்டிவிடுபவை வேறு. நெபுலைசரில் வைக்கும் வழக்கமான ஒரு வேளை மருந்தே 2.5 மி.கி., அதாவது 2,500 மைக்ரோகிராம். சால்ப்யூட்டமால் மாத்திரை, சிரப் இரண்டுக்கும் தடை. இருமல் சிரப்புகளில் அது அல்லது டெர்பியூட்டலின் கலந்திருப்பது சகஜம், லேபிளைப் படியுங்கள். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரினைப் போட்டிக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பிரெட்னிசலோன் மாத்திரைக்குப் போட்டிக் காலத்தில் தடை. வலிக்கான ட்ரமடாலுக்கு 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத் தடை வந்துவிட்டது. இவற்றில் ஏதாவது உங்களுக்குத் தவிர்க்க முடியாததென்றால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

இன்ஹேலரை ஏற்றம் தொடங்க 15 நிமிடம் முன்பு போடுங்கள். பிறகு 15 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள், நடுவில் 30 விநாடி வேக மிதிப்பு ஐந்தாறு முறை. இப்படிச் செய்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மூச்சுக்குழல் இறுகுவது பலருக்குக் குறைகிறது. நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. தடுப்பு இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு, மருத்துவர் சொன்ன அளவுக்குள், தடை இல்லை.

கேள்வி: சளிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டே பயிற்சி செய்யலாமா?

அறிகுறிகள் மூக்கோடு நின்றிருந்தால் மென்மையாக ஓட்டலாம். நெஞ்சுச் சளி, உடல்வலி, காய்ச்சல் இருந்தால் கூடாது. மருந்தின் பெயரையும் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகையாக இருந்தால் குதிகால் நாண் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு, அறுந்துபோவதும் உண்டு. நின்று மிதிப்பதும் கனமான கியரும் வேண்டாம். குதிகாலுக்கு மேலே வலி தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து முடிந்த பிறகும் சில வாரம் இந்த எச்சரிக்கை இருக்கட்டும்.

கேள்வி: இறக்கத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்து 3 வாரம். அறுவைச் சிகிச்சை இல்லை, தூளிக்கட்டுதான். 9 வாரத்தில் மலைப் பந்தயம். வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் ஓட்டுகிறேன், சாலைக்கு எப்போது போகலாம்?

டிரெய்னர் நல்ல வழி, சில ஏற்பாடுகளோடு. முன்சக்கரத்துக்குக் கீழே 10–15 செ.மீ. உயரக் கட்டை வைத்து ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், நிமிர்ந்து உட்கார்ந்தால் தோளில் எடை விழாது. ஏறி இறங்கப் பக்கத்தில் ஒரு உறுதியான படிக்கட்டைப் போடுங்கள். டிரெய்னரில் மறுபடி அடிபடுவது பெரும்பாலும் காலைத் தூக்கிப் போடும் அந்தக் கணத்தில்தான். மின்விசிறி நேராக உடம்பில் படட்டும். காற்றில்லாத அறையில் துடிப்பு சும்மாவே ஏறும். 45 நிமிடத்தில் தொடங்கி 75 வரை போகலாம். நல்ல கையால்கூட ஹேண்டில்பாரை இழுக்காதீர்கள், இழுப்பு நெஞ்செலும்பு வழியாக மறுபக்கமும் போகும்.

சாலைக்குப் போவதை எக்ஸ்ரேதான் முடிவு செய்யும். பெரியவர்களுக்கு இந்த எலும்பு கூட 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். வலி நின்றது எலும்பு கூடியதற்கு அடையாளம் அல்ல. மருத்துவர் சரி என்ற பிறகும் வரிசை உண்டு. முதலில் உட்கார்ந்து ஏறுவது, அடுத்து இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து நிறுத்துவது, கடைசியில் நின்று மிதிப்பது. நின்று மிதிக்கையில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கை ஹேண்டில்பாரை மேலே இழுக்கிறது, அந்தத் திருகல் முழுவதும் காறை எலும்பின் வழியே போகிறது. சுவரில் கை ஊன்றி 15 தண்டால், பிறகு தரையில் 10 தண்டால் வலியில்லாமல் எடுக்க முடியும் வரை நின்று மிதிக்க வேண்டாம். 9 வாரத்தில் ஏறுவது சாத்தியம். அதே பந்தயத்தில் கடினமான இறக்கம் இருந்தால் நாங்கள் போக வேண்டாம் என்றே சொல்வோம், புதிதாகக் கூடிய எலும்பு இரண்டாவது விழுதலைத் தாங்காது.

உங்கள் உடம்பைப் பார்த்தாயிற்று, சைக்கிளைப் பார்த்தீர்களா? வலப்பக்கம் விழுந்திருந்தால், கியர் மாற்றும் கருவியான பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். அது மென்மையான உலோகம், வளைவதற்கென்றே செய்யப்பட்டது. சமதளத்தில் நடு கியர்களில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் பின்னாலுள்ள கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லர் ஸ்போக்குகளுக்குள் போய்ச் சிக்கி, சக்கரத்தையே நிறுத்திவிடும். பின்னால் குனிந்து பாருங்கள். டெரெய்லரில் உள்ள மேல், கீழ் சிறு சக்கரங்கள் (ஜாக்கி சக்கரங்கள்) இரண்டும் செயின் ஏறியிருக்கும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கரை மாற்றுங்கள், பிறகு டெரெய்லர் ஸ்போக் பக்கம் எல்லை தாண்டாமல் தடுக்கும் "எல்" திருகைச் சரிபாருங்கள். கார்பன் ஃபோர்க், ஹேண்டில்பாரில் கீறலைச் சுற்றி நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினாலோ, தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தாலோ அதை ஓட்டாதீர்கள். தரையில் மோதிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: ஒரு மாத ஓய்வுக்குப் பின் ஏற்றம் தொடங்கியதும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி. இதற்கு முன் வந்ததில்லை. முன்னால் 34 பல் செயின்ரிங், பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல்.

இரண்டு சந்தேகம். ஒன்று, சில்லுக்குப் பின்னால் வலி என்பது முழங்காலின் முன்பக்க வலி, அதற்குச் சீட் தாழ்ந்திருப்பது காரணமாகலாம். மெல்ல மெல்லச் சரிந்து இறங்கும் சீட் கம்பி கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலில், கால்கவட்டிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த அளவு தொடக்கத்துக்குச் சரி. ஒரே நாளில் 2 செ.மீ. தூக்கிவிடாதீர்கள், 3–5 மி.மீ. வீதம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டம். முழங்காலின் பின்பக்கம் வலி மாறினால் அளவு தாண்டிவிட்டது.

இரண்டாவது, கியர். மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் 34–28 கியரில் நிமிடத்துக்கு 59 சுற்றுதான் மிதிக்க முடியும். அதே வேகத்தை 34–34 கியரில் 71 சுற்றில் எடுக்கலாம். வாட் ஒன்றே, ஆனால் ஒவ்வொரு மிதியிலும் சில்லை அழுத்தும் விசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஓய்வில் இருதயமும் நுரையீரலும் தேறிய வேகத்துக்குத் தொடைத் தசை தேறவில்லை, வித்தியாசத்தை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. பின்னாலுள்ள பல்சக்கரத் தொகுதியான கேசட்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது, உங்கள் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று மாடல் விவரத்தில் பாருங்கள். ஜாக்கி சக்கரங்களைத் தாங்கும் கூண்டு குட்டையாக இருப்பவை பெரும்பாலும் தாங்காது. பழைய செயினையே போடாதீர்கள். முன்னால் பெரியதிலும் பின்னால் பெரியதிலும், டெரெய்லர் வழியாகப் போகாமல் செயினைச் சுற்றி, சேரும் இடத்துக்கு மேல் 2 கண்ணி கூடுதலாக வைத்து வெட்டுங்கள். நீளம் போதாத செயினோடு அவசரத்தில் பெரியது–பெரியது போட்டால் டெரெய்லரே பிய்ந்துவிடும். கடைசியாக "பி" திருகை முறுக்கி, மேல் ஜாக்கி சக்கரம் பெரிய பல்சக்கரத்தில் உரசாமல் சில மி.மீ. இடைவெளி விடுங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். எவ்வளவு அழுத்தினாலும் துடிப்பு 140-ஐத் தாண்டவில்லை.

மருந்து அதன் வேலையைச் செய்கிறது. உச்சத் துடிப்பை அது கட்டிவைப்பதால் துடிப்பை வைத்துக் கடுமையைப் பிரிக்கும் மண்டலங்கள் உங்களுக்கு உதவாது. பதிலாகப் பவர் மீட்டரை, அல்லது உங்கள் பேச்சை அளவாக வையுங்கள். முழு வாக்கியம் பேசினால் மென்மை, நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்செடுத்தால் பந்தய அளவு, ஒற்றைச் சொல் என்றால் குறையுங்கள். பந்தயத்துக்காக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், திடீரென விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். உச்சியில் சட்டென்று இறங்கி நின்றால் தலைசுற்றும், 5–10 நிமிடம் லேசாக மிதித்துக்கொண்டிருங்கள். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பான்களுக்குச் சைக்கிள் பந்தயத்தில் தடை இல்லை. சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரை சேர்ந்திருந்தால் அதற்கு எல்லா விளையாட்டிலும் தடை உண்டு.

கேள்வி: பந்தயத்துக்கு 3 நாள். நேற்று முதல் வயிற்றுப்போக்கு. விட மனசில்லை.

மனசு புரிகிறது. மாதக்கணக்கில் உழைத்திருப்பீர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம். 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸில் மோன் வான்தூ ஏற்றத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் இறந்தார். ஊக்கமருந்தும் மதுவும் காரணங்களில் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய நாள்களில் வயிற்றுக் கோளாறால் அவர் வற்றிப்போயிருந்தார், அன்று கடும் வெயிலும். ஏற்றத்தில் வேகம் குறைவு, உடலைக் குளிர்விக்கக் காற்று கிடையாது. உள்ளே உருவாகும் வெப்பத்தை வியர்வைதான் வெளியேற்ற வேண்டும். நீர் இல்லாத உடம்பில் வியர்வைக்கு வழியில்லை.

இன்றைக்கு ஓ.ஆர்.எஸ்., ஒவ்வொரு போக்குக்கும் ஒரு டம்ளர், மடக்கு மடக்காக. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் போக்கை நிறுத்தும் லோபெரமைடு போடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஐபுபுரோஃபென் பக்கமே போகாதீர்கள், வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பந்தய நாள் காலையில் இவை எல்லாம் சரியாக இருக்க வேண்டும்: 24 மணி நேரமாகப் போக்கும் வாந்தியும் இல்லை, இரண்டு வேளை வழக்கமான சாப்பாடு உள்ளே தங்கியது, சிறுநீர் வெளிர் மஞ்சள், எடை வழக்கத்திலிருந்து 1 கிலோவுக்குள், படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் தலை சுற்றவில்லை, காலை நாடி இயல்பில். ஒன்று தவறினாலும் எண் அட்டையைக் குத்த வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் எஃப்.டி.பி.-யில் 80 சதவீதத்துக்குள் ஏறுங்கள், யாரையும் துரத்தாமல். வழியில் வியர்வை நின்று குளிர் எடுத்தாலோ, மயிர்க்கூச்செறிந்தாலோ, எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் போனாலோ உடனே இறங்கி நிழலில் உட்கார்ந்து, பக்கத்தில் வருகிறவரிடம் குரல் கொடுங்கள். தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், தனியாகக் கீழே இறங்கிப் போகாதீர்கள்.